டாமி ஜான் இன்னும் வெளியே நிற்கிறார்: கூப்பர்ஸ்டவுன் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கிளாசிக் பேஸ்பால் எரா குழுவினருக்கு,

வணக்கம். கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் (ஹால் ஆஃப் ஃபேம்) பழைய ஆட்டக்காரர்களில் யாரைச் சேர்ப்பது என்று 2024 டிசம்பரில் பதினாறு பேர் கூடி ஓட்டுப் போட்டீர்கள். பிட்சர் (பந்து வீசுபவர்) டாமி ஜானுக்கு விழுந்தது ஏழு, தேவை பன்னிரண்டு. டேவ் பார்க்கரும் டிக் ஆலனும் தேறினார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பழைய ஆட்டக்காரர்களின் பட்டியல் அடுத்து எடுக்கப்படுவது 2027 டிசம்பரில். அன்று அந்த மேசையைச் சுற்றி யார் உட்காரப் போகிறீர்களோ, அவர்களுக்கு இந்த மடல். தமிழில் எழுதினால் கூப்பர்ஸ்டவுனில் யார் படிப்பார்கள் என்று கேட்கலாம். படிக்காவிட்டால் போகிறது. பேஸ்பால் பார்க்கிற நம் ஆட்கள் நாலு பேராவது இந்த வழக்கைத் தெரிந்துகொள்ளட்டும்.

ஜான் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து டெர்ரே ஹோட் ஊர்க்காரர், இடக்கை பிட்சர். 1974 ஜூலையில் டாட்ஜர்ஸ் அணிக்காக 13 வெற்றி, 3 தோல்வி (பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியைப் பிட்சர் கணக்கிலும் எழுதுவார்கள்) என்று ஓடிக்கொண்டிருந்தபோது முழங்கையின் உட்புறத் தசைநார் அறுந்தது. வயது 31. அதுவரை அந்தக் காயம் பட்டவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதே அணியின் சாண்டி கோஃபாக்ஸ் எட்டு வருடம் முன்னால் முழங்கை வாதத்தால் 30 வயதிலேயே ஆட்டத்தை விட்டிருந்தார்.

கட்டை விரலையும் சுண்டு விரலையும் ஒட்டி வைத்து மணிக்கட்டை லேசாக மடக்கிப் பாருங்கள். பலருக்கு நடுவில் ஒரு நாண் புடைத்துத் தெரியும். சிலருக்கு அது இருக்கவே இருக்காது. இல்லாததால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. டாக்டர் ஃபிராங்க் ஜோப் 1974 செப்டம்பர் 25 அன்று ஜானின் வலது கையிலிருந்து அந்த நாணை உருவி, இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டு, அதற்குள் கோத்துக் கட்டினார். மறுபடி பந்து வீச நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் டாக்டரே சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிப் போக, டிசம்பரில் இன்னொரு அறுவை. 1975 முழுவதும் ஒரு ஆட்டம் கூட இல்லை.

1976-இல் திரும்பி வந்து 10 ஜெயித்தார், 10 தோற்றார். அடுத்த வருடம் 20 வெற்றி. அந்த அக்டோபரில் பிலடெல்ஃபியாவில், கொட்டுகிற மழையில், ஸ்டீவ் கார்ல்டனுக்கு எதிராக ஆட்டம் முழுவதையும் தானே வீசி டாட்ஜர்ஸை உலகத் தொடருக்குக் கொண்டுபோனார். யாங்கீஸ் அணிக்குப் போய் 1979-இல் 21 வெற்றி, 1980-இல் 22. 1989-இல் ஓய்வு பெற்றபோது வயது 46. மொத்தம் 26 சீசன், 288 வெற்றி. அதில் 164 அறுவைக்குப் பிறகு வந்தவை.

உங்கள் தரப்பு வாதம் எனக்குத் தெரியாமல் இல்லை. வருடத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒன்றுகூட இல்லை, இரண்டு முறை இரண்டாம் இடம். சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானது நாலு தடவைதான். 4,700-க்கு மேல் இன்னிங்ஸ் வீசி 2,245 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது) என்பது குறைவுதான். ஆனால் அவர் சிங்கர் வீசுகிறவர். கடைசி நொடியில் பந்து கீழே இறங்கும், பேட்டர் அதன் தலையில் தட்டுவார், அது உருண்டு ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டரின் கைக்குப் போகும், முடிந்தால் டபுள் பிளே, அதாவது ஒரே அடியில் இரண்டு அவுட். அப்படி ஆடுகிறவரிடம் ஸ்ட்ரைக்அவுட் கணக்கு கேட்பது நியாயமா?

சரி, அதே மாதிரி இடக்கைக்காரர் ஜிம் காட். 283 வெற்றி, 237 தோல்வி, ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்டுக்கொடுத்த சராசரி ரன், குறைந்தால் நல்லது) 3.45. 2021 டிசம்பரில் அவரைத் தேர்ந்தெடுத்தது உங்களைப் போன்ற ஒரு குழுதான். நல்ல முடிவு. ஜான்: 288 வெற்றி, 231 தோல்வி, 3.34. இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்பதற்கு யாராவது காரணம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

"அறுவைக்கான பெருமை டாக்டருக்கு, ஆட்டக்காரருக்கு அல்ல" என்கிறார்கள். 2013-இல் ஜோபை அழைத்து கௌரவித்தீர்கள், ஜானும் வந்திருந்தார். ஆனால் அறுவை பலித்தது என்று உலகம் நம்பியது எதைப் பார்த்து? ஜான் 1976-இல் இரண்டு மாதம் வீசிவிட்டு மறுபடி உட்கார்ந்திருந்தால் அது தோற்றுப்போன சோதனையாகக் கோப்புக்குள் கிடந்திருக்கும். தொடர்ந்து ஐந்து வருடம் இருநூறு இன்னிங்ஸுக்கு மேல் வீசிக் காட்டியது அவர் கை. அதே அறுவை செய்துகொண்ட இன்னொரு பிட்சர் ஜான் ஸ்மோல்ட்ஸ் 2015-இல் உள்ளே வந்துவிட்டார். முதலில் செய்துகொண்டவர் இன்னும் வாசலில்.

உங்களுக்கு முன்னால் பத்திரிகை எழுத்தாளர்கள் பதினைந்து வருடம் ஓட்டுப் போட்டும் 31.7 சதவீதத்தைத் தாண்ட விடவில்லை. அது முடிந்த கதை. இப்போது பொறுப்பு உங்களுடையது.

இன்னொன்று. டிக் ஆலன் ஒரே ஒரு ஓட்டில் தவறி, 2020-இல் இறந்து, மறுபடியும் ஒரே ஓட்டில் தவறி, அதன் பிறகுதான் தேர்வானார். டேவ் பார்க்கர் தேர்வான செய்தியைக் கேட்டார். ஆனால் 2025 ஜூலை விழாவுக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது இறந்துபோனார், மேடையில் அவருக்காக மகன் பேசினார். ஜான் 1943 மே மாதம் பிறந்தவர். நீங்கள் அடுத்து கூடும்போது அவருக்கு 84 வயது. அவருக்கு ஓட்டுப் போடுங்கள். இன்னும் ஐந்து ஓட்டுதான் வேண்டும்.

இப்படிக்கு,
தொலைவிலிருந்து ஆட்டம் பார்க்கும் ஒரு தமிழ் ரசிகன்