இரண்டாவது டெங்கு பற்றி மகனுக்கு ஒரு கடிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகனுக்கு,

ஜூலை மாதம் நீங்கள் மூவரும் வருகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து அப்பாவுக்கும் எனக்கும் கால் தரையில் படவில்லை. ஆனாலும் தொலைபேசியில் நீ சொன்ன ஒரு வார்த்தை மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "எனக்குத்தான் டெங்கு ஒருமுறை வந்துவிட்டதே அம்மா, இனி வராது, பிள்ளையை மட்டும் கவனித்தால் போதும்" என்றாய். சின்னமுத்து, அதாவது தட்டம்மை, என்றால் அந்தக் கணக்குச் சரிவரும். டெங்குவுக்குச் சரிவராது. வரப்போகிறவர்களில் நான் கூடுதலாகக் கவலைப்படுவது உன்னை நினைத்துத்தான். அதற்கான காரணம் கலங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் நடக்கும் ஒரு வேலையில் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் என் உத்தியோக காலம் முழுவதும் என்னை வியக்கவைத்த வேலை அது. அவசரமாகச் சொல்லி முடிக்கக்கூடிய விடயமில்லை என்பதால் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

நம் உடல் ஒரு வைரஸை இரண்டு வழிகளில் அறிந்துகொள்கிறது. முதலாவது, இரத்தத்தில் சுற்றித் திரியும், கிருமியைப் பற்றிக்கொள்வதற்கென உடல் செய்யும் புரதங்களான பிறபொருளெதிரிகள். அவை வைரஸின் வெளிப்புறத்தை, அது இருக்கும் உருவத்திலேயே பற்றிக்கொள்கின்றன. டெங்கு வைரஸ் ஏறக்குறைய 50 நானோமீற்றர் விட்டமுள்ள உருண்டை; அதன் மேற்பரப்பை உறைப் புரதத்தின் 180 பிரதிகள் இடைவெளியின்றி மூடியிருக்கின்றன. அந்தப் புரதம்தான் பிறபொருளெதிரிகளின் முதன்மையான இலக்கு. ஆனால் வைரஸ் ஒரு கலத்துக்குள் புகுந்துவிட்டால் பிறபொருளெதிரியால் அதை நெருங்க முடியாது. உள்ளே அது அகமுதலுருச் சிறுவலை என்ற உட்சவ்வு வலையமைப்பை ஒட்டி அமர்ந்து, புரதம் செய்யும் நம்முடைய ரைபோசோம்களைக் கொண்டே தன் பத்துப் புரதங்களையும் செய்வித்துக்கொள்கிறது. அப்போது கைகொடுப்பதுதான் இரண்டாவது வழி.

ஒவ்வொரு கலமும் தான் செய்யும் புரதங்களைச் செய்துகொண்டே அழித்துக்கொண்டும் இருக்கிறது. பழுதானவற்றுக்கும் பிழையாக மடிந்தவற்றுக்கும் யுபிக்குவிற்றின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படுகிறது. அந்த அடையாளத்தோடு வருவனவற்றைப் புரொட்டியாசோம் என்ற நொதியத் தொகுதி துண்டுதுண்டாக வெட்டுகிறது. இந்த ஒழுங்கைக் கண்டறிந்த மூவருக்கு 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெட்டுண்ட துண்டுகளில் ஒரு பகுதி சிறுவலைக்குள் கடத்தப்படுகிறது. எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் நீளமுள்ள, பொருத்தமான துண்டு ஒன்று எச்.எல்.ஏ. எனப்படும் மூலக்கூறின் பள்ளத்தில் அமர்ந்துகொள்ள, இரண்டும் சேர்ந்து புரதங்களைப் பொதிந்து அனுப்பும் கொல்கி உடல் வழியாகக் கலத்தின் மேற்பரப்புக்கு வந்து நிற்கின்றன. காலையில் நம் ஒழுங்கையில் படலை வாசல்களில் வைக்கப்படும் குப்பைப் பைகளைப் பார்த்தே முந்தின நாள் எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று சொல்லிவிடலாம், உள்ளே போக வேண்டியதில்லை, இதுவும் அப்படித்தான். கலம் நலமாக இருந்தால் வெளியே நிற்பவை எல்லாம் நம்முடைய சொந்தப் புரதத் துண்டுகள். உள்ளே வைரஸ் இருந்தால் அதன் துண்டுகளும் கூடவே வந்து நிற்கும். வெட்டும் நொதியத்துக்குத் தனது எது, பிறரது எது என்ற வேறுபாடு கிடையாது. அந்தப் பாகுபாடு இல்லாததுதான் நம்மைக் காப்பாற்றுகிறது என்று நான் நினைக்கிறேன்.

அந்தத் துண்டுகளைப் பார்த்துச் செல்பவை டி-நிணநீர்க்குழியங்கள் என்ற வெண்குருதிக் கலங்கள். இவை ஒவ்வொன்றிலும் துண்டைப் பற்றும் புரதமான ஏற்பி, பரம்பரையலகுத் துண்டுகளை மாற்றி மாற்றி இணைத்து உருவாக்கப்படுவதால் ஒன்றின் ஏற்பி மற்றதன் ஏற்பியைப் போல் இராது. நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் அவை சோதிக்கப்படுகின்றன, நம் எச்.எல்.ஏ. மூலக்கூறை அறியவே முடியாதவையும், நம் சொந்தத் துண்டுகளைக் கடுமையாகப் பற்றிக்கொள்பவையும் அங்கேயே மடிகின்றன. தேறி வெளியே வருபவை மிகச் சிலவே. அப்படித் தேறிய குழியமும்கூட வைரஸின் துண்டைத் தனியே கண்டால் அசைவதில்லை; நம்முடைய எச்.எல்.ஏ. மூலக்கூறின் மேல் அது இருந்தால்தான் அறிந்து, அந்தக் கலத்தை அழிக்கும். இதை 1974-இல் கான்பராவில் சிங்கர்நாகலும் டோகர்ட்டியும் சுண்டெலிகளில் காட்டினார்கள். 1996-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மூலக்கூறின் வடிவத்தை எக்ஸ்-கதிர்ப் படமாக 1987-இல் ஹார்வர்டில் எடுத்தபோது, மேற்புறத்தில் ஒரு பள்ளமும், அதற்குள் இன்னதென்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றும் தெரிந்தன. துண்டு உட்காரும் இடம் அதுதான் என்று உலகம் கண்ணால் கண்டது அப்போதுதான்.

எச்.எல்.ஏ. மூலக்கூறுகள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. உன்னுடையவற்றில் பாதி என்னிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வந்தவை. ஆகவே ஒரே வைரஸ் நம் இருவருக்கும் தொற்றினாலும், உன் கலங்கள் வெளியே காட்டும் துண்டுகள் எல்லாம் என் கலங்கள் காட்டும் துண்டுகளாக இரா. இது நம் ஊரிலேயே ஆராயப்பட்ட விடயம். கொழும்பில் இரத்ததானம் செய்தவர்களின் குருதியைக் கொண்டு நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வொன்று, டெங்குத் துண்டுகளுக்கு வலுவான டி-குழிய எதிர்வினையைத் தரும் எச்.எல்.ஏ. வகைகளைக் கொண்டவர்களே கடுமையான டெங்குவிலிருந்து கூடுதலாகக் காக்கப்படுகிறார்கள் என்ற கருத்துக்குச் சான்று தந்தது.

2009-இல் உனக்கு டெங்கு வந்தபோது உன் குருதிப் பூச்சை லீஷ்மன் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தவள் நான்தான். குருதி உறைய உதவும் சிறுதட்டுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இருந்தன. அவற்றைப் பார்த்து நெஞ்சு பதைத்தாலும், அதே கண்ணாடித் தகட்டில் பெரிதாகிப் பருத்த நிணநீர்க்குழியங்கள் நிறைய இருப்பதைக் கண்டேன். வழக்கமாக உருண்டையாக, மெல்லிய ஓரத்தோடு இருக்கும் அவை, அன்று அகன்ற நீலநிறக் குழியவுருவோடு, பக்கத்தில் இருந்த செங்குருதிக் கலங்களைத் தழுவி வளைந்து கிடந்தன. ஓரம் மட்டும் கடுநீலமாக இருந்தது. அன்டிஜனை, அதாவது அந்நியப் பொருளை, கண்டு வினைப்பட்ட குழியங்களின் தோற்றம் அது. உன் உடல் அந்த வைரஸை அறிந்துகொண்டுவிட்டது என்பதை எந்த அறிக்கையும் சொல்வதற்கு முன்பே நான் கண்ணால் கண்டேன்.

ஆனால் அது அறிந்துகொண்டது ஒரு வகையை மட்டும். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. 2009-இல் கொழும்பில் பரவியது பெரும்பாலும் முதலாம் வகை. உன்னுடையதும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். நீ இங்கிருந்து போன பின், 2017-இல், நாடு முழுவதும் 180,000-க்கும் மேற்பட்டோர் நோயாளராகப் பதிவான பெருந்தொற்றை ஏற்படுத்தியது இரண்டாம் வகை. முதலாம் வகைக்கு எதிராக உன்னிடம் இருக்கும் பாதுகாப்பு நெடுங்காலம் நிலைக்கும். மற்ற மூன்றுக்கும் எதிராகச் சில மாதங்கள் மட்டுமே ஓரளவு தடுப்பு இருந்திருக்கும். அது எப்போதோ போய்விட்டது.

போனதோடு நின்றால் நீயும் முதன்முறையாகத் தொற்றுக்கு உள்ளாகும் ஒருவனைப் போலவே இருப்பாய். சிக்கல் அதற்கு மேல் இருக்கிறது. நான்கு வகைகளின் உறைப் புரதங்களும் ஒன்றையொன்று பெருமளவு ஒத்தவை. ஆகவே உன் பழைய பிறபொருளெதிரிகள் இரண்டாம் வகை வைரஸையும் பற்றிக்கொள்ளும். ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யும் அளவுக்கு இறுக்கமாகப் பற்றா. அரைகுறையாக ஒட்டிய அந்தப் பிறபொருளெதிரியின் வாற்பகுதியைப் பிடிப்பதற்கென்றே சில வெண்குருதிக் கலங்களில் ஏற்பிகள் உண்டு. கிருமியை விழுங்கி அழிப்பதற்கான ஏற்பாடு அது. டெங்கு வைரஸ் பெருகுவதோ அதே கலங்களுக்குள்தான். விளைவு, பிறபொருளெதிரியே வைரஸை அது சேர வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. 1960-களில் பாங்கொக்கில் பணியாற்றிய ஸ்கொட் ஹால்ஸ்டெட் என்ற வைத்தியர், கடுமையான டெங்கு இரண்டாவது தொற்றுக்கு உள்ளான பிள்ளைகளிடமும், முதற்தொற்றே ஆனாலும் ஒரு வயது நிரம்பாத குழந்தைகளிடமும் காணப்படுவதைக் கவனித்தார். அந்தக் குழந்தைகளுக்குப் பழைய தொற்று ஏது? அவர்களிடம் இருந்ததெல்லாம் தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரிகள். இந்த ஓர் அவதானம் போதும், பழியை எங்கே போடுவது என்று தெரிய. நிகராகுவாவில் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு, பிறபொருளெதிரிகள் மிகக் கூடுதலாக இருப்பவர்களுக்கன்றி, இடைப்பட்ட ஓர் அளவில் இருப்பவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம் என்று காட்டியது.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. இரண்டாவது தொற்றுக்கு உள்ளாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சுகமாகிவிடுகிறார்கள். ஆனால் எச்சரிக்கையோடு இருப்பவர்கள்தான் உரிய நேரத்தில் வைத்தியசாலைக்குப் போகிறார்கள். அதனால் இதைக் கவனமாகக் கேள். இங்கு வந்த பின்னோ, திரும்பிப்போய் இரண்டு வாரங்களுக்குள்ளோ காய்ச்சல் வந்தால், டெங்கு என்றே முதலில் நினை. முதல் நாட்களில் என்.எஸ்.1 அன்டிஜன் பரிசோதனை செய்வார்கள். தொற்றிய கலங்கள் இரத்தத்தில் விடும் ஒரு வைரஸ் புரதத்தைத் தேடும் பரிசோதனை அது. இரண்டாவது தொற்றில் பழைய நினைவோடு விரைந்து வரும் பிறபொருளெதிரிகள் அந்தப் புரதத்தை மூடிவிடக்கூடும் என்பதால், உனக்கு அது இல்லை என்று காட்டினாலும் டெங்கு இல்லை என்று கொள்ளக்கூடாது. மூன்றாம் நாளிலிருந்து முழுக் குருதி எண்ணிக்கை பார்க்க வேண்டும். சிறுதட்டுக்கள் 100,000-க்குக் கீழே இறங்குவதும், குருதி தடிப்பதும் ஆபத்தின் அடையாளங்கள். காய்ச்சல் விடும் வேளையில்தான் நாளங்களிலிருந்து திரவம் கசியும் 24 முதல் 48 மணித்தியாலம் தொடங்குகிறது. காய்ச்சல் விட்டதென்று எழுந்து நடமாட நான் உன்னை விடமாட்டேன். பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரொபன் எதையும் தொடாதே.

இன்னொன்று. முன்பு டெங்கு வந்தவர்களுக்குப் பயணத்துக்கு முன் போடக்கூடிய தடுப்பூசி இப்போது சில நாடுகளில் கிடைக்கிறது. பேத்திக்கு அது பொருந்துமா என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் வந்த டெங்குத் தடுப்பூசி, ஒருமுறையும் தொற்றாத பிள்ளைகளிடம் முதற்தொற்றைப் போலவே வேலை செய்து, பின்னால் வந்த தொற்றைக் கடுமையாக்கக் கூடுமென்பது 2017-இல் தெரியவந்தது. உன் பழைய அறிக்கைகளைப் படமெடுத்து அனுப்புகிறேன். அவற்றைக் கொண்டுபோய் உங்கள் ஊர்ப் பயண மருத்துவரிடம் காட்டி, உனக்கும் மருமகளுக்கும் பிள்ளைக்கும் தனித்தனியே கேட்டுவிட்டு, அவர் சொன்னதை எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா