எத்தனை பயணிகள் என்று முதலில் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்டார்க்டிகாவுக்குக் கப்பலில் போவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் போக நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதில் இல்லை. அந்தக் கப்பலில் மொத்தம் எத்தனை பயணிகள்? அறை, பால்கனி, சாப்பாடு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் நானும் என் கணவரும் போனோம். ஏஜென்ட் காட்டிய படங்களில் பென்குவின்களுக்கு நடுவே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் ஏறிய கப்பலிலோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள். பனிமலைகளுக்கு நடுவே போனோம், வந்தோம். ஒரு தடவைகூடக் கரையில் இறங்கவில்லை. 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பலிலிருந்து அங்கே யாரையும் கரையிறக்கக் கூடாது என்பது விதி. அதைக் கப்பலில் ஏறிய பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். விதியில் எனக்குக் குறை இல்லை, அது இருக்கத்தான் வேண்டும். அதை மறைத்து டிக்கெட் விற்றதுதான் இன்றும் மனசை அறுக்கிறது. அடுத்த முறை பணம் சேர்வதற்குள் என் கணவருக்கு முழங்கால் போய்விட்டது. நான் மகளோடு போனேன்.

500-க்குக் குறைவு என்றாலும் கேள்வி முடிந்துவிடாது. ஓர் இடத்தில் ஒரே சமயத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 1991-ல் பயண நிறுவனங்களே சேர்ந்து தொடங்கிய ஐஏஏடிஓ என்ற சங்கத்தின் கப்பல்கள் இதைக் கடைப்பிடிக்கின்றன. அண்டார்க்டிகாவைப் பொதுவில் பராமரிக்க ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளும் 2009-ல் இதை ஏற்றுக்கொண்டன. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பேர் உள்ள கப்பலில் எல்லோரும் ஒரே நடையில் இறங்கலாம். 400 பேர் என்றால் நான்கு குழுவாக மாறி மாறித்தான் இறங்க வேண்டும். உங்கள் முறை வருவதற்குள் காற்று எழும்பிவிட்டால் ரப்பர் படகை இறக்க மாட்டார்கள், அன்றைய வாய்ப்பு போயே போய்விடும்.

சின்னக் கப்பல் என்றால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. 2007 நவம்பரில் அண்டார்க்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவுக்கு அருகே பனியில் மோதி மூழ்கிய எக்ஸ்ப்ளோரர் சின்னக் கப்பல்தான். அதிலிருந்த 154 பேரும் பிழைத்தார்கள் என்றால், உதவிக்கு வர வேறு கப்பல்கள் எட்டும் தூரத்தில் இருந்ததால்தான். ஆகவே பனிக்கடலுக்கு ஏற்ற உடல்வலு கப்பலுக்கு உண்டா என்று கேளுங்கள். அவசரத்தில் நோயாளியை வெளியே கொண்டுவரும் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

'10 நாள் பயணம்' என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவிலிருந்து, தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே உள்ள டிரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். கடல் ஆட்டத்தில் பலருக்கு அந்த நான்கு நாளும் தலை தூக்க முடியாது. சிலி வழியாக விமானத்தில் கிங் ஜார்ஜ் தீவுக்குப் போய்க் கப்பல் ஏறவும் வழியுண்டு. சுமார் இரண்டு மணி நேரம்தான். ஆனால் அங்கே மூடுபனி விலகாவிட்டால் விமானம் கிளம்பாது. எந்த வழியில் போனாலும் கப்பல் புறப்படுவதற்கு ஒரு நாளாவது முன்னதாகவே துறைமுக ஊருக்குப் போய்விடுங்கள். உங்கள் விமானம் தாமதமானது என்பதற்காகக் கப்பல் காத்திருக்காது.

எந்த மாதம் போகலாம் என்பதற்குக் கட்டுரை 'கோடையில்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. அங்கே கோடை என்றால் நவம்பரிலிருந்து மார்ச் வரை. நவம்பரில் மிதி படாத பனி, கூடு கட்டும் பென்குவின்கள். ஜனவரி வாக்கில் எங்கும் குஞ்சுகள். பிப்ரவரி, மார்ச்சில் கூனல் திமிங்கிலங்கள் நிறைய. நாங்கள் போனது பிப்ரவரி. என் மகள் படகில் உட்கார்ந்திருந்தபோது கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று மூச்சு விட்டது, அந்த மீன் வாடையை அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்றையும் விட்டிருக்கிறீர்கள். கரையிறங்கும் முன் துணியின் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை, பையின் மூலை எல்லாவற்றிலும் ஒரு விதைகூட இல்லாமல் தூசி உறிஞ்சும் கருவியால் உறிஞ்சி எடுப்பார்கள். பூட்ஸைப் போகும்போதும் வரும்போதும் கிருமிநாசினியில் கழுவ வேண்டும். பறவைக் காய்ச்சல் அண்டார்க்டிகப் பெருநிலத்திலேயே 2024 பிப்ரவரியில் உறுதியானது. அதனால் இப்போது கரையில் உட்காரவோ, முட்டி போடவோ, பையைக் கீழே வைக்கவோ விடுவதில்லை. பென்குவினிடமிருந்து 5 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். முட்டி போட்டுப் பென்குவினைப் படம் எடுப்பவரின் படத்தை அட்டையில் போட்டிருக்கிறீர்கள். அது பழைய படம் என்றால் அதை ஒரு வரியில் குறிப்பிட்டிருக்கலாமே.

கட்டுரையின் கடைசியில் கொடுத்த கப்பல் பட்டியலில் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே பயணிகள் எண்ணிக்கையையும் சேர்த்து, அடுத்த இதழில் மறுபடி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி