கையில் ஏழு கிலோ

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். போனில் சொல்ல வேண்டியதை எதற்குத் தாளில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் பாதியில் உன் அம்மா வாங்கிக்கொள்வாள். குட்டி என்ன சாப்பிட்டாள், ஏன் சாப்பிடவில்லை என்பதிலேயே அரைமணி நேரம் போய்விடும். அதனால் எழுதி, பக்கத்துவீட்டுப் பையனிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

மே மாதம் மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, அமெரிக்காவிலிருந்து நீயும் குட்டியும் மட்டும்தான் வருகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. நான்கு விமானம் மாற வேண்டும். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. அந்தச் சக்கரப் பெட்டியை யார் தூக்கி மேல்தட்டில் வைப்பது?

சிரிக்காதே. 26 வருடம் ஏற்காடு வண்டியில் கண்டக்டராக இருந்தவன் நான். ஆளையும் மூட்டையையும் ஏற்றி இறக்குவது பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஊர் நம்முடையது. வண்டி வளைந்து நிலையத்துக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு, கூடை, குடை எல்லாம் உள்ளே வந்து விழும். ஒருமுறை கைக்குழந்தையையே நீட்டினார்கள். நான்தான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அந்த அவசரத்தில் ஒரு நியாயம் உண்டு. சீட்டுக்கு நம்பர் கிடையாது, முந்தியவருக்குத்தான் இடம். உங்கள் ஊர் விமான நிலையத்தில் கோட்டு சூட்டுப் போட்டவர்களும் வாசலருகே அப்படியே முண்டுவதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆளுக்கொரு சீட்டு நம்பர் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்களே, பிறகு எதற்கு இந்த அடிதடி? உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. உட்காரும் இடத்துக்கு நம்பர் உண்டு, பெட்டிக்கு நம்பர் இல்லை. மேல்தட்டுக்குத்தான் எல்லோரும் துண்டு போடுகிறார்கள்.

முன்பெல்லாம் இவ்வளவு நெருக்கடி இருக்கவில்லையாம். 2008-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கீழே சரக்கறையில் போடும் முதல் பெட்டிக்கே 15 டாலர் கட்டணம் என்று அறிவித்தது. மற்றக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. கீழே போட்டால் காசு, மேலே கொண்டுபோனால் இலவசம் என்றால் ஜனங்கள் எதைச் செய்வார்கள்? நம் வண்டியில் லக்கேஜ் டிக்கெட் கேட்டால் மூட்டையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிச் சேலையால் மறைத்துக்கொள்வார்களே, அதே புத்திதான். ஊர்தான் வேறு.

மாப்பிள்ளை ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும் கம்ப்யூட்டரில் ஒரு படம் போட்டுக் காட்டினார், நினைவிருக்கிறதா? நீ அப்போது குட்டியைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாய். ஜேசன் ஸ்டெஃபன் என்று ஒரு விஞ்ஞானி. தூரத்து நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை ஆராய்கிறவராம். விமானத்தில் ஏறுவதற்கு வரிசையில் நின்று அலுத்துப்போய், இதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமே என்று உட்கார்ந்திருக்கிறார். 2008-இல் அது கட்டுரையாக வந்தது. பிறகு 12 வரிசை உள்ள ஒரு மாதிரி விமானத்தில் 72 பேரைப் பெட்டியோடு ஏற்றிச் சோதித்திருக்கிறார்கள். கடைசி வரிசையிலிருந்து முன்வரிசை வரை ஒழுங்காக ஏற்றினால் 6 நிமிடத்துக்கு மேல் ஆனது. எந்த ஒழுங்கும் இல்லாமல் இஷ்டப்படி ஏறவிட்டபோது 5 நிமிடம்கூட ஆகவில்லை! அவர் சொன்ன முறையில், அதாவது ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, ஜன்னலோரத்துக்காரர் முதலில் என்று ஏற்றியதில், மூன்றரை நிமிடத்தைத் தாண்டிச் சில நொடிகள்தான்.

மாப்பிள்ளைக்கு அது ஆச்சரியமாக இருந்தது. எனக்கு இல்லை. நாற்பது பேர் வெறுங்கையோடு ஏறினால் இரண்டு நிமிடத்தில் விசில் கொடுத்துவிடலாம். பலாப்பழத்தோடு ஒரே ஒருவர் ஏறினால் போதும், ஐந்து நிமிடம் போய்விடும். நடைபாதை ஒன்று, அதில் ஒருவர் நின்று பெட்டியைத் தூக்கினால் பின்னால் இருப்பவர்கள் எல்லாம் சிலைதான். கடைசி வரிசைக்காரர்களை ஒன்றாக உள்ளே விட்டால் அத்தனை பேரும் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் தூக்குவார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வரிசை விட்டு வரிசை ஏறினால் கைநீட்ட இடம் இருக்கும், ஒரே நேரத்தில் பத்துப் பேர் தூக்கலாம். இதைத்தானே 26 வருடமாகத் தொண்டை கிழியக் கத்தினேன், "படியில் நிற்காதே, உள்ளே போ, உள்ளே போ" என்று! எனக்கு யார் கட்டுரை போட்டார்கள்?

யுனைடெட் விமானக் கம்பெனி 2023-இல் ஜன்னலோரம், நடு, நடைபாதையோரம் என்று ஏற்றும் முறைக்குத் திரும்பியதாம். ஆனாலும் பணம் கொடுத்தவரும், கம்பெனியின் கிரெடிட் கார்டு வைத்திருப்பவரும் அதற்கெல்லாம் முன்பே ஏறிவிடுகிறார்கள். முதலில் ஏறுவதே விற்கும் சரக்காக ஆன பிறகு விஞ்ஞானி சொல்வதை யார் முழுதாகக் கேட்பார்கள்?

இனி நான் உன்னிடம் மறைத்த ஒன்று.

உன் வீட்டிலிருந்து நாங்கள் திரும்பி வந்த அன்று நீ வழியனுப்பிவிட்டுப் போன பிறகு, எங்கள் குழுவைக் கடைசியாகத்தான் கூப்பிட்டார்கள். வாசலுக்குப் போனதும் ஒரு பெண், மேலே இடம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, என் பெட்டியில் ஒரு சீட்டைக் கட்டி, சிரித்தபடியே வாங்கிக்கொண்டார். சிகாகோவில் இறங்கும்போது தருவார்கள் என்று நினைத்தேன். அங்கே கேட்டால், அது நேராக பெங்களூருக்குப் போகும்படி சீட்டுப் போட்டாகிவிட்டது என்றார்கள். அம்மாவின் சர்க்கரை மாத்திரை, சோதிக்கும் மெஷின், என் பிரஷர் மாத்திரை எல்லாம் அதற்குள். எங்கள் ஆங்கிலத்தில் இதை விளக்கி முடிப்பதற்குள் அடுத்த விமானத்துக்கு நேரமாகிவிட்டது. ஒன்றரை நாள் மாத்திரை இல்லை. உன் அம்மா விமானத்தில் கொடுத்த சோற்றைத் தொடவே இல்லை. தயிரை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "ஒன்றும் ஆகாது, பேசாமல் இருங்கள்" என்றாள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது சர்க்கரை 290 காட்டியது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். இப்போது சொல்லிவிட்டேன். அவளிடம் கேட்டுவிடாதே.

அந்தச் சிகாகோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு 2014 ஆகஸ்ட் ஞாபகம் வந்தது. நீ முதன்முதலாகப் போன அன்று. பெங்களூர் விமான நிலையத்தில் தராசில் வைத்தால் பெட்டி 27 கிலோ. 23-க்கு மேல் ஆகாது என்றார்கள். தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாய். பருப்புப்பொடி, ஜவ்வரிசி வடகம், எவர்சில்வர் டிபன் கேரியர், உன் சின்ன வயதுக் கொலுசு வைத்த டப்பா. எல்லோரும் பார்க்கிறார்கள். கையில் எடுத்துப்போகும் பைக்கு மாற்றினாய், அது ஏழு கிலோவைத் தாண்டிவிட்டது. நான் என்ன செய்தேன்? உதவினேனா? "அப்போதே சொன்னேனே, மூட்டை கட்டத் தெரிகிறதா உனக்கு" என்று பஸ் நிலையத்தில் கத்துவதுபோலக் கத்தினேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. வடகத்தையும் டிபன் கேரியரையும் எடுத்து என் காலடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாய். அந்த டிபன் கேரியர் இன்னும் அட்டத்தில்தான் இருக்கிறது. உன் அம்மா அதைப் புழங்கவிடுவதில்லை. மூட்டை கட்டியது நீ இல்லை, நாங்கள்தான் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கைப்பெட்டிக்குள் தனியாக ஒரு துணிப்பை வை. பாஸ்போர்ட், மருந்து, குட்டிக்கு ஒரு மாற்று உடை, பணம், சார்ஜர், பவர் பேங்க் எல்லாம் அதில் இருக்கட்டும். வாசலில் பெட்டியைக் கேட்டால் அந்தப் பையை மட்டும் உருவிக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிடு, சண்டை போடாதே. எந்த ஊருக்குச் சீட்டுப் போடுகிறார்கள் என்று மட்டும் வாய்விட்டுக் கேள். நான் கேட்காமல் விட்டேன். பவர் பேங்க் கீழே சரக்கறைக்குப் போகவே கூடாது. மேல்தட்டிலும் வைக்காதே. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் புறப்படக் காத்திருந்த விமானத்தில் மேல்தட்டில் தீப்பிடித்து விமானமே எரிந்துபோனது. பவர் பேங்கில் தொடங்கியிருக்கலாம் என்றார்கள். அந்த நாட்டில் மார்ச் மாதமே அதை மேல்தட்டில் வைக்கத் தடை போட்டுவிட்டார்கள். கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

கைக்குழந்தைக்காரர்களை முதலில் கூப்பிட்டால் போய்விடு. மாப்பிள்ளை கூட இருந்தால் வேறு மாதிரி சொல்வேன்: அவர் பெட்டிகளோடு முன்னால் போகட்டும், நீ குட்டியை வெளியே ஓடவிட்டுக் கடைசியில் ஏறு என்று. தனியாக வருவதால் அது முடியாது. பெட்டியை உன் சீட்டுக்குப் பின்னால் மட்டும் வைத்துவிடாதே. இறங்கும்போது கூட்டம் முன்னால் நகரும், நீ எதிர்த்துப் பின்னால் போக வேண்டியிருக்கும். முன்பக்கம் வை, எதிர்ப்பக்கத் தட்டானால் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். புதிய விமானங்களில் தட்டு ஆழமாக இருக்கும். பெட்டியைப் படுக்கப் போடாமல் புத்தகம் அடுக்குவதுபோல் குத்தாக நிறுத்தினால் நாலு நிற்கிற இடத்தில் ஆறு நிற்கும். பணிப்பெண்கள் தூக்கித் தருவார்கள் என்று நம்பாதே, அவர்களுக்கும் முதுகு உண்டு. பக்கத்தில் இருக்கும் ஆளைக் கேள். வெட்கப்படாதே.

கனமானதை மேலே வைக்காதே என்று நான் சொன்னால் அது ஏட்டுப்படிப்பு இல்லை. ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. பதினாலாவது வளைவில் ஒருநாள் மேல்தட்டிலிருந்த பலாப்பழம் உருண்டு விழுந்து, ஒரு டீச்சரம்மாவின் பக்கத்தில் பிளந்தது. அடி படவில்லை. ஆனால் அவருடைய வெள்ளைச் சேலையில் பட்ட பலாப்பால் போகவே இல்லை. மூன்று மாதம் என்னிடம் சில்லறைகூட முகம் பார்த்து வாங்கமாட்டார். அன்றிலிருந்து என் வண்டியில் பலாப்பழத்துக்குக் காலடியில்தான் இடம்.

சென்னையிலிருந்து நம் காமலாபுரம் விமான நிலையத்துக்கு வருவது சின்ன ஏ.டி.ஆர். விமானம். 2023 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தார்களே, அதுதான். பக்கத்துக்கு இரண்டிரண்டு சீட்டு. ஏறும் படி பின்பக்கம், நம் பழைய டவுன் பஸ் மாதிரி. மேல்தட்டு ரொம்பச் சின்னது, உன் சக்கரப் பெட்டி அதில் நுழையாது. படியருகே கேட்டால் கொடுத்துவிடு. துணிப்பை உன் தோளில்தானே இருக்கும்.

எங்களுக்கென்று ஒன்றும் வாங்கி வராதே. பெட்டியில் பாதி காலியாக வா. போகும்போது நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் மல்கோவாவை இங்கேயே தின்றுவிட்டுப் போக வேண்டியதுதான். பழத்தைப் பையில் வைத்தால் அங்கே இறங்கியதும் பிடுங்கிக்கொள்வார்கள். கொப்பரையும் கூடாது, எண்ணெய்ச் சத்து தீப்பிடிக்குமாம்.

போன வாரம் லீ பஜாரில் கொக்கி மாட்டித் தூக்கிப் பார்க்கிற சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். உன் அம்மா இப்போதே வடகம் போட்டுக் காயவைத்து, பையில் கட்டி, அதில் மாட்டிவிட்டாள். ஆறு கிலோ எண்ணூறு காட்டுகிறது. நீ இன்னும் வரவே இல்லை, அதற்குள் திரும்பிப் போகும் மூட்டை தயார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தராசைத் திருப்பி என் முகத்துக்கு நேரே காட்டி, "இன்னும் இருநூறு கிராம் பாக்கி இருக்கிறதே" என்கிறாள்.

அன்புடன்,
அப்பா