கல்லுக்குள் ஓடும் கடிகாரம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். டாக்டர் சொன்ன கெடு முடிவதற்குள் வாட்ச் ரிப்பேர் கடையைத் திறந்து உட்கார்ந்துவிட்டாயாமே, உன்னைத் திருத்த முடியாது. இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். டி.வி. ரிமோட்டை அவள் கைக்கு எட்டாமல் ஒளித்து வைப்பதுதான் இப்போது என் முழுநேர உத்தியோகம்.

உனக்கென்று ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். லண்டனில் ஏலத்துக்கு முன்னால் பொருட்களைப் பார்வைக்கு வைப்பார்கள். வாங்க வக்கில்லாதவனும் போகலாம், கேட்டால் கையிலேயே எடுத்துத் தருவார்கள். போன வாரம் அப்படி ஒரு தங்க ஒமேகா வாட்சைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வடிவமைத்தவர் ஆண்ட்ரூ கிரிமா என்ற லண்டன் நகைக்காரர்.

தங்க ஒமேகா எத்தனையோ பிரித்துப் பார்த்தாயிற்று என்பாய். இதில் கண்ணாடி கிடையாதப்பா. அது இருக்க வேண்டிய இடத்தில் பட்டை தீட்டிய முழு சிட்ரின் கல், தேன் நிறத்தில். டயல் அதற்கு அடியில். கல்லுக்குள் பார்த்துத்தான் மணி சொல்ல வேண்டும். நேராகப் பிடித்தால் மேல்தளம் வழியாக இரண்டு முள்ளும் சுத்தமாகத் தெரிகின்றன. கொஞ்சம் சாய்த்தால் ஓரப் பட்டைகளில் முள் ஒடிந்து இரண்டாகி, மூன்றாகி, மறுபடி ஒட்டிக்கொள்கிறது. டயலில் எண்களே இல்லை. இருந்தால் அந்தப் பட்டைகளில் எல்லாம் குழம்பிப் போயிருக்கும். லென்ஸை வைத்துப் பார்த்தேன், பட்டைகளின் விளிம்பு அங்கங்கே மழுங்கியிருந்தது. கண்ணாடியை விடக் கடினமான கல்தான், ஆனால் தூசியில் இருக்கும் மணலும் சிட்ரினைப் போலவே குவார்ட்ஸ் என்ற படிக இனம்தானே.

தங்கத்துக்கு மெருகு என்பதே இல்லை. மரப்பட்டை போலச் சொரசொரவென்று விட்டிருக்கிறார். உங்கப்பா பட்டறையில் இப்படி ஒரு வளையல் செய்து கொடுத்திருந்தால், "என்ன பத்தரே, பாதியிலேயே எழுந்து வந்துட்டீங்களா?" என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள். கிரிமாவுக்கு இங்கே பேர் வாங்கித் தந்ததே அந்தச் சொரசொரப்புதான். 18 கேரட். முகம் சுளிக்காதே. 22 கேரட்டில் வாட்சின் கூடான கேஸைச் செய்தால் ஒரு இடி பட்டாலே நெளியும், கல்லைப் பிடித்திருக்கிற நகம் விலகும். அது உனக்குத் தெரியாததா.

ஆள் யார் என்று விசாரித்தபோது எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. 1921-ல் ரோமில் பிறந்து சின்ன வயதிலேயே லண்டன் வந்தவர். படித்தது மெக்கானிக்கல் எஞ்சினியரிங். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் ராணுவ எஞ்சினியராக இருந்திருக்கிறார். போர் முடிந்து மாமனாரின் நகைக் கம்பெனியில் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார். 1948-ல் ஒரு நாள் இரண்டு வியாபாரிகள் ஒரு பெட்டி நிறையப் பெரிய பிரேசில் கற்களோடு வந்தார்களாம். மாமனாரை நச்சரித்து மொத்தத்தையும் வாங்க வைத்து, அந்தக் கற்களுக்காகவே நகை வரைய ஆரம்பித்தார். ஊதுகுழல் பிடித்துப் பழகியவரில்லை. இவர் வரைந்து கொடுப்பார், பட்டறை ஆட்கள் செய்வார்கள். 1966-ல் ஜெர்மின் தெருவில் சொந்தக் கடை.

1969-ல் ஒமேகா இவரை அழைத்து, உங்கள் இஷ்டத்துக்குச் செய்யுங்கள் என்று விட்டுவிட்டது. மறு வருஷம் 'அபௌட் டைம்' என்ற பெயரில் 55 கடிகாரங்கள் வந்தன. வழக்கமாக என்ன நடக்கும்? கம்பெனி வாட்சை முடித்துவிடும், நகைக்காரர் கடைசியில் வந்து சுற்றிலும் வைரம் பதித்துவிட்டுப் போவார். எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. இங்கே கல்தான் முதலில். மிச்சமிருக்கிற இடத்தில் மெஷின் அடங்க வேண்டும். நான் பார்த்ததில் இருந்தது சாவி கொடுக்கிற குட்டி லேடீஸ் மெஷின். மணி பார்ப்பது எப்படி என்ற விஷயத்திலேயே கை வைத்திருக்கிறார் மனுஷன். அதனால் இதை நகை என்று சொல்ல மாட்டேன், வாட்ச்தான்.

இன்னொரு வேடிக்கை. 1969 டிசம்பரில் ஜப்பானில் சீக்கோ தன் முதல் குவார்ட்ஸ் வாட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கும் தங்கக் கேஸ்தான். உள்ளே ஒரு துளி குவார்ட்ஸ், பேட்டரி மின்சாரத்தில் நொடிக்கு 8192 தடவை அதிர்ந்து நேரம் காட்டியது. ஒமேகா மாதிரியான சுவிஸ் வாட்ச் கம்பெனிகளில் பாதி படுத்தது அதனால்தான். சிட்ரினும் குவார்ட்ஸ்தான், இரும்புச் சத்தால் மஞ்சளானது. கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் ஒருவர் அதை ஜன்னலாக வைத்தார், இன்னொருவர் இதயமாக வைத்தார். ஜெயித்தது யார் என்று உன் கடைக்கு வரும் பேட்டரி வாட்சுகளே சொல்லும்.

1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலருக்குத் தங்கம் ஏறியபோது பழைய தங்க வாட்ச் கேஸ்கள் எத்தனையோ உலைக்குப் போயின. இது எப்படியோ தப்பியிருக்கிறது.

உங்கப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். 1963-ல் 14 கேரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று அப்போதைய நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த கட்டுப்பாடு, அப்புறம் 1968 தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1990-ல் அதை எடுத்தபோது மதுரை தெற்கு ஆவணி மூல வீதிச் சந்தில் உங்கள் பட்டறை இருந்த இடத்தில் பாத்திரக் கடை இருந்தது. நீ வாட்ச் ரிப்பேர் கற்றுக்கொள்ளப் போனதே அதனால்தானே. உங்கள் வீட்டில் தங்கமும் வாட்சும் ஒரே மேஜைக்கு வரவே இல்லை.

விலையைக் கேட்காதே, கேட்டால் ஆபரேஷன் செய்த கண்ணும் இருட்டிவிடும். எனக்கு ஒரு சந்தேகம் தீர வேண்டும். கல்லுக்கும் டயலுக்கும் நடுவே ரப்பர் வளையம் எதுவும் கண்ணில் படவில்லை. ஈரம் போகாமல் எப்படித் தடுத்திருப்பார்கள்? படம் எடுத்திருக்கிறேன், தனியாக அனுப்புகிறேன், பார்த்துவிட்டு எழுது. நீ கேட்ட சின்ன ஸ்க்ரூடிரைவர் செட்டை மே மாதம் மகன் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடாமல் போடு.

அன்புடன்,
ராமு