தமிழ்ச்செல்விக்கு, அரூரிலிருந்து

அரூர்,
தை 9, 2026

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பா காலையில் ஒழுங்காக நடக்கிறார், மாத்திரை தவறுவதில்லை. காணும் பொங்கலுக்கு மறுநாளிலிருந்து நீ போனை எடுக்கவில்லை என்பதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கும். உன் சி.பி.எஸ்., அதாவது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டக் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

கணக்குச் சீட்டை, நீ வேலைக்குச் சேர்ந்த 2008 ஜூனிலிருந்து ஆண்டுவாரியாக இறக்கி வை. சம்பளத்தில் பிடித்ததும் கணக்கில் ஏறியதும் ஒன்றுதானா என்று மாதம் மாதமாகப் பார். ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களுக்கு வரவு விடுபடுவது பெரும்பாலும் ஒன்றியம் மாறிய மாதத்திலும், அகவிலைப்படி நிலுவை, தேர்வுநிலை நிலுவை வாங்கிய மாதங்களிலும்தான். சம்பளப் பட்டியலோடு போகும் பிடித்தம் அட்டவணையில் உன் கணக்கின் இன்டெக்ஸ் எண் ஓர் இலக்கம் மாறினால் போதும், பணம் அரசுக் கணக்கில் சேர்ந்துவிடும், உன் பெயரில் ஏறாது. யாரும் உனக்குத் தகவலும் சொல்ல மாட்டார்கள். அப்படி ஒரு மாதம் விடுபட்டிருந்தால் அந்தப் பட்டியலின் வவுச்சர் எண், தேதி, தொகை மூன்றையும் சார்நிலைக் கருவூலத்தில் வாங்கி, வட்டாரக் கல்வி அலுவலர் கையெழுத்தோடு அரசு தகவல் தொகுப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும். வவுச்சர் எண் இல்லாத மனு அப்படியே திரும்பி வரும். நீ ஒன்றியம் மாறி வந்த வருடத்தை முதலில் பார். பழைய பட்டியல்களைத் தேடுவது வருடம் ஆக ஆகக் கஷ்டம்.

இந்தப் புது அறிவிப்பு வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதே. ஜனவரி 3-ம் தேதி தமிழ்நாடு அரசு அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்திலும் 10 சதவீதப் பிடித்தம் தொடர்கிறது. உன் அடிப்படைச் சம்பளம் 45,000 என்று வைத்துக்கொள். 58 சதவீத அகவிலைப்படி 26,100. இரண்டும் சேர்ந்து 71,100, அதில் மாதம் 7,110 உன் பங்காகப் போகிறது. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்கு இதுவரை இருந்த ஏற்பாட்டில் அந்தப் பணமும், அதே அளவு அரசுப் பங்கும், வட்டியும் ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கைக்கு வரும், அவ்வளவுதான். 30 லட்சம் சேர்ந்தது என்றாலும் அதை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் 17,500. விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. புதுத் திட்டத்தில் கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதன்மேல் வருடத்துக்கு இருமுறை அகவிலைப்படி உயர்வு. அதே 45,000-க்கு 22,500, இன்றைய அகவிலைப்படியோடு 35,550. உன் காலத்துக்குப் பிறகு மாப்பிள்ளைக்கு அதில் 60 சதவீதம். பணிக்கொடை 25 லட்சம் வரை. சி.பி.எஸ்.-இல் இருந்தவர்களுக்குப் பணிக்கொடை என்பதே கிடையாது, அது உனக்குத் தெரியும்.

இதெல்லாம் ஓய்வு பெறுகிறவர்களுக்கு. பாதியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இல்லை. சித்தி போனில் ஏதோ சொன்னாள். அவள் சொல்வதையெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. இருந்தாலும் விதியைச் சொல்லிவைக்கிறேன். 1978 ஓய்வூதிய விதிகளில் ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணிக்காலம் முழுவதும் பறிபோகும். புதுத் திட்டத்தின் விதிகளும் அந்தத் தடத்தில்தான் வரும் என்று எடுத்துக்கொள். விருப்ப ஓய்வு வேறு. அதற்கு 20 வருடப் பணி முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் 50 வயது ஆகியிருக்க வேண்டும், மூன்று மாதம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். உனக்கு 20 வருடம் முடிவது 2028 ஜூனில். கோபத்தில் ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது எந்த வகையில் சேரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் காணும் பொங்கலன்று சாப்பாட்டு இலையின் முன்னால் பேசியது தப்பு. 'ஆசிரியர் தகுதித் தேர்வே எழுதாதவர்களுக்குப் பென்ஷன் ஒரு கேடா' என்று கேட்டிருக்கக் கூடாது. உன் மகன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். ஆனால் அண்ணன் கணக்கையும் நீ பார்க்க வேண்டும். ஓசூர் சிப்காட்டில் வேலை. 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் அவன் கம்பெனி எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் 15,000 வரைக்கும்தான் கணக்கு. அதில் 8.33 சதவீதம், மாதம் 1,250, ஓய்வூதியத்துக்குப் போகிறது. சூத்திரம் என்னவென்றால், 15,000-ஐப் பணிக்காலத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். பணிக்காலம் முப்பத்தைந்து வருடம் என்று கணக்கானால் மாதம் 7,500. அகவிலைப்படி கிடையாது. அந்தத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இல் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள், இன்றைக்கும் அதே 1,000. சம்பளம் 21,000-ஐத் தாண்டியதும் இ.எஸ்.ஐ. மருத்துவமும் போய்விட்டது. உனக்கு 35,550, எனக்கு 7,500 என்று அவன் மனசு கணக்குப் போடுகிறது. அந்தக் கோபம் நியாயம்தான், அதை உன்மேல் கொட்டியதுதான் நியாயமில்லை. தன் 7,500-ஐ ஏற்றிக் கொடு என்று கேட்க வேண்டியவர்கள், தங்கச்சியின் 35,550-ஐக் குறைத்துவிடு என்று கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டு வீட்டுக்கும் ஒன்றும் மிஞ்சாது.

அரசாங்கத்திடம் பணம் ஏது என்று அவன் கேட்டதற்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். இந்தத் திட்டத்துக்கு ஒரே தவணையாக 13,000 கோடியும், பிறகு வருடம் சுமார் 11,000 கோடியும் ஆகும் என்று அரசே சொல்லியிருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் 41,600 கோடிக்கு மேல். சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி மூன்றுமே வருவாயில் பாதிக்கு மேல் தின்றுவிடுகின்றன. இது பொய்யில்லை, சங்கத்துக்காரர்களும் இதைப் பேசியாக வேண்டும். ஆனால் பள்ளிக்கல்விக்கு ஒதுக்கிய 46,767 கோடியைக் காட்டி, 'இதில் பெரும்பகுதி வாத்தியார் சம்பளம், பிள்ளைகளுக்கு என்ன போகிறது' என்று கேட்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் போவதே வாத்தியார்தான். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. உன் பள்ளியில் அந்த ஒரு பிள்ளை கூடவில்லை என்பதால் இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறீர்கள். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகளை மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் தமிழ் வாசிக்க வைக்கிறாய். போன வருடம் நீ அனுப்பின வீடியோவில் அந்தச் சின்னப் பெண் ஒரு பக்கம் முழுக்கத் திக்காமல் வாசித்தாளே, அதை அப்பா தெருவில் எல்லோருக்கும் காட்டிவிட்டார். இந்தச் செலவில் எதை வெட்டுவது?

வெட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். ஓவியம், தையல், உடற்கல்விக்கு 2012-இல் 5,000 ரூபாயில் எடுத்த பகுதிநேர ஆசிரியர்கள் 12,500-க்கு வந்து சேரவே பத்து வருடத்துக்கு மேல் ஆனது. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கு மத்திய அரசு நிறுத்திவைத்த சமக்ர சிக்ஷா என்னும் பள்ளிக்கல்வித் திட்டப் பணம் 2,152 கோடி. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள், பகுதிநேர ஆசிரியர்கள், தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்தில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளின் கட்டணம் எல்லாம் தொங்குவது அந்த ஒரே கயிற்றில். கொள்கைச் சண்டையை மேலே இருப்பவர்கள் போடட்டும், ஆனால் பணம் நின்றால் முதலில் நிற்பது மலையில் இருக்கும் பிள்ளையின் படிப்பு.

அந்தத் தகுதித் தேர்வு விஷயத்துக்கு வருகிறேன். பதினேழு வருடம் பாடம் நடத்திய பிறகு உன்னைத் தகுதி நிரூபிக்கச் சொல்வது எனக்கும் வலிக்கிறது. 2010-இல் விதி வந்தபோது முன்னமே வேலையில் இருந்தவர்களுக்கு இது இல்லை என்றுதான் எல்லோரும் இருந்தீர்கள். 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும், இல்லையென்றால் கட்டாய ஓய்வு என்று சொல்லிவிட்டது. பணப்பலன் உண்டு, ஆனால் விதிப்படி தேவையான பணிக்காலம் முடித்திருந்தால்தான். கெடு 2027 செப்டம்பர். அதற்கும் 20 வருடம் கேட்டுவிடுவார்களோ என்று பயம், உனக்கு அது முடிவது 2028 ஜூன். நடுவில் ஒன்பது மாதம் இடிக்கிறது. இதனால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

தமிழ்நாடு அரசு சீராய்வு மனு போட்டிருக்கிறது, அதை நம்பி உட்கார்ந்திருக்காதே. பணியில் இருப்பவர்களுக்கென்று சிறப்புத் தேர்வு நடத்தவும் ஆணை போட்டிருக்கிறார்கள். உனக்கு முதல் தாள். மூன்று மணி நேரம், 150 கேள்வி, தப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் ஒரு கேள்வியையும் விடாதே. குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொன்றும் 30. தமிழும் கணக்கும் சூழ்நிலையியலும் நீ தினமும் கரும்பலகையில் எழுதுவது, 90-இல் 65 உனக்குச் சாதாரணம். உன்னைப் போல் இருப்பவர்கள் சறுக்குவது குழந்தை மேம்பாட்டில்தான். வகுப்பில் செய்வதெல்லாம் கைக்குத் தெரியும், ஆனால் கேள்வியில் பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க் என்று உளவியல் அறிஞர்களின் பெயரும் அவர்கள் சொன்ன வளர்ச்சி நிலையுமாகக் கேட்பார்கள். பி.எட். புத்தகத்தில் அவர்களைப் பற்றிய பாடங்களை மட்டும் எடுத்துப் படி. ஆங்கிலத்தில் இலக்கணம் பார். முன்வருடக் கேள்வித்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகு.

நீ எழுதினால் அண்ணனிடம் தோற்றதாகிவிடும் என்று நினைக்காதே. ராஜினாமா செய்தால்தான் தோற்றது. அதை எழுதாதே கண்ணு, எந்தத் தாளிலும் எழுதாதே.

மருத்துவ விஷயம் ஒன்று. உன் மாமியாரை உன் காப்பீட்டில் சேர்க்க முடியவில்லை என்று வருத்தப்பட்டாய். மாதம் 300 பிடிக்கும் அந்தத் திட்டத்தில் கல்யாணமாகாத ஊழியரின் பெற்றோருக்குத்தான் இடம், கல்யாணம் ஆனதும் அவர்கள் பெயர் போய்விடும். மாமியாருக்கு 70 முடிந்துவிட்டதா என்று ஆதாரில் பார். முடிந்திருந்தால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையில் வருடம் 5 லட்சம் வரை உண்டு. முடியவில்லை என்றால், அவர்கள் தனிக் குடும்ப அட்டையில் இருந்து ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீடு. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்கு மாமியாரையும் அழைத்துப் போக வேண்டும்.

உங்களுக்கே ஆஸ்பத்திரி தேவைப்பட்டால், அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதே, அந்த நோய்க்கு இருக்கிறதா என்று கேள். கண்ணுக்கு மட்டும் சேர்ந்திருக்கும் இடத்தில் இதயத்துக்குப் படுத்தால் முழுப் பணமும் கையிலிருந்துதான். காப்பீட்டு மேசையில் முன் அனுமதி வாங்காமல் முன்பணம் கட்டாதே. வெளியே வாங்கச் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் தனி பில் கேள். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது அந்தப் பெட்டியின் ஸ்டிக்கரை, தொகுதி எண்ணோடு, டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டிக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுப்பதைப் பத்திரமாக வைத்திரு. அவசரத்துக்குப் பட்டியலில் இல்லாத இடத்தில் சேர்த்தால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு மனு போடலாம், அங்கே மொத்தத் தொகை போட்ட ஒரே ரசீது செல்லாது, இனவாரியான பில்தான் கேட்பார்கள்.

பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தையும், பணியேற்ற நாள் பதிந்த பக்கத்தையும் போட்டோ எடுத்து அப்பா போனுக்கு அனுப்பு. பணியேற்றது முற்பகலா பிற்பகலா என்று அதில் இருக்கும், 20 வருடக் கணக்குக்கு அது வேண்டும். கணக்குச் சீட்டுகளையும் கூடவே அனுப்பு, விடுபட்ட மாதங்களை நானே சிவப்பு மையில் குறித்து மனுவை எழுதித் தருகிறேன், நீ கையெழுத்து மட்டும் போட்டால் போதும். பேச விருப்பமில்லை என்றால் பேச வேண்டாம், போட்டோவை அனுப்பு.

அண்ணனுக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன். அவன் வாய் திறக்கவில்லை.

அம்மா