பட்டியலைப் பார்த்து வாங்குவது வளர்ப்பு ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபுட்பால் மேனேஜர் கணினி விளையாட்டின் புதிய பதிப்பு வெளியாகும் ஒவ்வொரு முறையும், எந்தெந்த இளம் வீரர்களை முதல் நாளிலேயே விலைக்கு வாங்கிவிட வேண்டும் என்ற பட்டியல் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் தவறாமல் இடம்பெறுகிறது. ஆர்வத்தோடு தொகுக்கப்படும் அப்பட்டியலைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால் ‘இளம் வீரர்களை வளர்ப்பது எப்படி’ என்ற தலைப்பின் கீழ் அது வெளிவருவதுதான் பொருந்தவில்லை. வாங்குவது ஒன்று, வளர்ப்பது வேறொன்று. இவ்விளையாட்டை இத்தனை ஆண்டுகளாக நான் விடாமல் ஆடிவருவதற்குக் காரணம், இரண்டாவதை அது கையாளும் நுட்பம்தான்.

இதை ஆடாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம் தேவை. இதில் ஆடுபவர் பந்தை உதைப்பதில்லை. ஒரு கிளப்பின் மேலாளராக இருந்து, அணியைத் தேர்ந்தெடுக்கிறார், பயிற்சியைத் திட்டமிடுகிறார், வீரர்களை வாங்கி விற்கிறார். 1992இல் சாம்பியன்ஷிப் மேனேஜர் என்ற பெயரில் தொடங்கி, 2004 முதல் இப்போதைய பெயரில் வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வீரருக்கும் பந்தைக் கடத்துதல், தடுத்தாடுதல், வேகம் போன்ற திறன்களுக்கு 1 முதல் 20 வரை மதிப்பெண் உண்டு. அவற்றுக்குப் பின்னால், திரையில் காட்டப்படாத இரண்டு எண்கள் 200க்குக் கணக்கிடப்படுகின்றன: ஒன்று வீரரின் இன்றைய திறன், மற்றொன்று அவர் எட்டக்கூடிய உச்சம். பட்டியல் தயாரிப்பவர்கள் தரவுத்தளத்தைத் திறந்து, இரண்டாவது எண்ணைப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது போன்றது இது. அந்த விடையையும் முழுமையாக நம்ப முடியாது. மிக இளையவர்கள் பலருக்கு உச்ச எண் நிலையாக இடப்படாமல் ஒரு வரம்பு மட்டுமே தரப்பட்டிருக்கும். ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அவ்வரம்புக்குள் வேறோர் எண் விழும் என்பதால், நண்பரின் கணினியில் உலகப் புகழ் பெற்ற சிறுவன் நம் கணினியில் நடுத்தர வீரனாகவே நின்றுவிடக்கூடும்.

உச்ச எண் உயர்வாக இருந்தாலும் அது வாய்ப்பு மட்டுமே. அந்த வாய்ப்பை நிறைவேற்றுவதில் முதலிடம் வீரரின் குணத்துக்கு உண்டு. மன உறுதி என்ற ஒன்றுதான் எண்ணாகத் திரையில் தெரியும். தொழிலில் ஒழுங்கு, முன்னேறும் வேட்கை ஆகியவற்றை அவரது ஆளுமையைக் குறிக்கும் ஓரிரு சொற்களைக் கொண்டு ஊகித்தறிய வேண்டும். ஒரே உச்ச எண் கொண்ட இரு பதினாறு வயதுச் சிறுவர்களில் ஒழுங்குள்ளவர் சில ஆண்டுகளில் முதல் அணிக்கு வந்துவிடுவார், அலட்சியக்காரர் பயிற்சித் திடலிலேயே தேங்கிவிடுவார். இக்குணம் மாற்ற முடியாததும் அன்று. 2019ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, மூத்தவர்களையும் இளையவர்களையும் ஒரே சிறு குழுவில் (இதை மூத்தோர் குழு என்கிறேன்) சேர்த்து, மூத்தவர்களின் போக்கு இளையவர்களிடம் படியுமாறு செய்யும் வழி இருக்கிறது. கெட்ட போக்கும் இதே வழியில் பரவும் என்பதால், யாரை யாரோடு சேர்ப்பது என்பது விளையாட்டின் மிக நுட்பமான முடிவுகளில் ஒன்றாகிவிடுகிறது. முப்பது வயதைக் கடந்து, வேகம் குறைந்து, மாதம் ஓர் ஆட்டத்தில்கூடக் களமிறங்காத ஒரு மூத்த வீரரை அவரது குணத்துக்காக மட்டுமே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது வீண்செலவன்று. பட்டியலில் உள்ள எந்தச் சிறுவனையும்விட அவரே நல்ல முதலீடு என்று நான் சொல்வேன்.

குணத்துக்கு அடுத்தது ஆட்ட நேரம். பதினெட்டு வயது வரை பயிற்சி வசதிகளும் பயிற்சியாளர்களின் தரமும் பெரும்பங்கு வகிக்கின்றன. அதன் பிறகு, தகுந்த தரமுள்ள போட்டிகளில் வீரர் எவ்வளவு நேரம் ஆடுகிறார் என்பதே அவரை உயர்த்துகிறது. பட்டியலைப் பார்த்து ஏழெட்டுச் சிறுவர்களை வாங்கிக் குவிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். பதினொரு இடங்களே உள்ள அணியில் அத்தனை பேருக்கும் ஆட்ட நேரம் கிடைக்காது. மாற்று வீரர்களின் இருக்கையில் இரண்டு பருவங்களைக் கழிக்கும் இளைஞரின் திறன் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதை உணர விரும்புவோர், பட்டியலே பயன்படாத ஒரு கிளப்பை எடுத்து ஆடிப்பார்க்கலாம். ஸ்பெயினின் பில்பாவோ நகரத்து அத்லெடிக் கிளப், ஸ்பெயினின் வடக்கிலும் அதையொட்டிய பிரான்சிலும் பரவியுள்ள பாஸ்க் நிலப்பகுதியில் பிறந்தவர்களையோ அங்குள்ள கிளப்புகளில் பயின்று வளர்ந்தவர்களையோ மட்டுமே சேர்த்துக்கொள்ளும் மரபுடையது. விளையாட்டிலும் அக்கட்டுப்பாடு உண்டு. கருவூலத்தில் எவ்வளவு பணம் இருந்தாலும் பிரேசில் நாட்டு அதிசயச் சிறுவனை வாங்க இயலாது. எனவே, ஆண்டுக்கு ஒருமுறை கிளப்பின் சொந்த லெசாமா பயிற்சிக்கூடத்திலிருந்து மேலே வரும் சிறுவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் தேற மாட்டார்கள். தேறக்கூடிய ஓரிருவருக்கு மூத்தோர் குழுவில் இடம் ஒதுக்கி, பில்பாவோ அத்லெடிக் என்ற இரண்டாம் அணியில் ஆடவைத்து, முதல் அணியில் யார் எப்போது ஓய்வு பெறுவார் என்பதை மூன்றாண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்துத் திட்டமிட வேண்டியிருக்கும். மெதுவாகத்தான் நகரும். பொறுமையில்லாதவர்களுக்கு இது அலுப்பூட்டும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இது வெறும் கற்பனையன்று. இத்தனை குறுகிய எல்லைக்குள் ஆள் தேடும் இக்கிளப் ஸ்பெயினின் முதல்நிலை லீகிலிருந்து ஒருமுறைகூடத் தரமிறக்கப்பட்டதில்லை. 2024இல், நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பின், ஸ்பெயின் கிளப்புகளுக்கான நாட்டளவிலான கோபா டெல் ரே கோப்பையையும் வென்றது. அந்த அணியின் வில்லியம்ஸ் சகோதரர்கள் இருவரும் இரண்டாம் அணியில் ஆடிய பின்பே மேலே வந்தவர்கள். ஸ்பெயினில் இரண்டாம் அணிகள் பொதுவான லீக் அடுக்குகளிலேயே, அனுபவமுள்ள ஆண்களை எதிர்த்து ஆடுகின்றன என்பது இதற்குப் பெரிதும் துணைசெய்கிறது. இங்கிலாந்தில் 21 வயதுக்குட்பட்டோர் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடுவதால், அங்கே லோன் முறையில், அதாவது தற்காலிகமாக, வேறு கிளப்புக்கு அனுப்புவது இன்றியமையாததாகிறது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கோலடிப்பாளர் ஹாரி கேன், லண்டனின் டாட்டன்ஹாம் கிளப்பில் நிலைபெறுவதற்கு முன் லெய்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் ஆகிய நான்கு கிளப்புகளுக்கு அப்படி அனுப்பப்பட்டவர். இந்த வேறுபாட்டை விளையாட்டு சரியாகவே பிரதிபலிக்கிறது. ஸ்பெயினில் வெற்றிபெற்ற வளர்ப்பு முறையை அப்படியே இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முடியாது என்பதை இரண்டு நாடுகளிலும் ஆடிப்பார்ப்பவர் தாமே கண்டுகொள்வார்.

விளையாட்டில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆட்டம் தொடங்கும்போது முடிவாகும் உச்ச எண் அதன்பின் உயராது என்ற ஏற்பாடு மனிதர்களின் இயல்புக்கு ஒவ்வாதது. ஜேமி வார்டியை ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் 16 வயதில் உடல் சிறுத்தவர் என்று கைவிட்டது. தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டே கீழ்நிலை லீகுகளில் ஆடிய அவர், 25 வயதில் லெஸ்டருக்கு வந்து, 2015-16 பருவத்தில் 24 கோல்கள் அடித்து அவ்வணியை இங்கிலாந்தின் சாம்பியனாக்கத் துணைநின்றார். மறுபுறம், 14 வயதில் அமெரிக்காவின் டி.சி. யுனைடெட் அணியில் சேர்ந்த ஃப்ரெடி அடு, 2000களின் நடுப்பகுதியில் வந்த பதிப்புகளில் வாங்கியே தீர வேண்டிய சிறுவனாகக் கொண்டாடப்பட்டார். உண்மை வாழ்வில் நாட்டுக்கு நாடு, கிளப்புக்குக் கிளப் மாறியும் அவர் அந்த எதிர்பார்ப்பை எட்டவில்லை. இருப்பினும், உச்ச வரம்பே இல்லாவிட்டால் பணக்காரக் கிளப்பில் சேரும் ஒவ்வொரு சிறுவனும் மேதையாகி ஆட்டமே சுவையற்றுப்போகும் என்ற வடிவமைப்பாளர்களின் சிக்கலும் எனக்குப் புரிகிறது. அந்த எண்ணை மறைத்து வைத்திருப்பதுதான் இச்சிக்கலுக்கு அவர்கள் கண்ட பாதித் தீர்வு. வீரர்களைத் தேடிக் கண்டறியும் கிளப்பின் உளவாளர்கள் தரும் நட்சத்திர மதிப்பீடு நம் அணியின் தரத்தோடு ஒப்பிட்டுத் தரப்படுவது, அது அவரவர் கணிக்கும் திறனுக்கேற்பப் பிழைபடவும் கூடும். ஐயத்தோடு தேர்ந்தெடுத்து, ஐயத்தோடு ஆடவைக்கும் அந்த அனுபவத்தைப் பட்டியல்கள் பறித்துவிடுகின்றன.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பதிப்பு வரும்போது, பட்டியலுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியையாவது மூத்தோர் குழு அமைப்பது, லோனுக்குக் கிளப் தேர்ந்தெடுப்பது, சொந்தப் பயிற்சிக்கூடத்தை மட்டுமே நம்பி அணி கட்டுவது போன்றவற்றுக்குத் தரலாம். 2025 நவம்பரில் வந்த பதிப்பு முதன்முறையாக மகளிர் கால்பந்தையும் சேர்த்திருப்பதால், இளம் வீராங்கனைகளை வளர்ப்பது பற்றியும் எழுத நிறையவே இருக்கிறது. பட்டியல் வேண்டும் என்று கேட்கும் வாசகர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக அதையும் தொடர்ந்து வெளியிடலாம், ‘வாங்க வேண்டியவர்கள்’ என்ற தலைப்பில்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
சேலம்.