முதலாண்டு மாணவியின் நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்: செவிலியர் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுச் செவிலியர் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பொது மருத்துவ வார்டு ஒன்றின் பொறுப்புச் செவிலியர் நான். வெள்ளைச் சீருடையின் கஞ்சி மடிப்பு கலையாமல், கையில் புது ஸ்டெதாஸ்கோப்போடு உங்கள் மாணவர்கள் முதன்முதலாக நோயாளியைத் தொடுவது என் வார்டு போன்ற இடங்களில்தான். அவர்களில் சிலர் அடுத்த செமஸ்டரில் வருவதில்லை. விசாரித்தால், "அவளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை" என்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தை ஏற்க மனம் வராததால்தான் இந்த மடல். நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்பில் ஆண்களும் சேர்கிறார்கள் என்றாலும், என் வார்டுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் மாணவிகள். ஆகவே 'அவள்' என்றே எழுதுகிறேன்.

அவள் எப்படி உள்ளே வருகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். பிளஸ் 2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் எடுத்த மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக்குழுவின் கலந்தாய்வு. அரசுக் கல்லூரி கிடைத்தால் வீட்டில் தீபாவளி. கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரி, நகையோ நிலமோ அடகு. அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் கைச்செலவுக்கு உதவும். பெரும்பாலும் அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் அவள்தான். இந்திய செவிலியர் குழுமம் பொதுப்பிரிவுக்குக் கேட்கும் குறைந்தபட்ச மதிப்பெண் 45 சதவீதம். கலந்தாய்வு வழியாக அரசு இடத்தைப் பிடிக்கும் பிள்ளைகள் அதைவிட வெகுதூரம் மேலே இருப்பவர்கள். மந்தமான பிள்ளைகள் யாரும் உங்களிடம் வந்து சேரவில்லை.

முதல் செமஸ்டரில் அவள் முன்னே வைக்கப்படுவதைப் பாருங்கள். 2021-22 கல்வியாண்டு முதல் நடைமுறையில் இருக்கும் பாடத்திட்டத்தின்படி உடற்கூறியலுக்கு 60 மணி நேரம், உடலியங்கியலுக்கு 60, சமூகவியலுக்கு 60, உளவியலுக்கு 60. ஆங்கிலத்துக்கு 40 மணி நேரம் மட்டும். செவிலிய அடிப்படைகள் முதல் தாளுக்கு வகுப்பறையில் 120, செய்முறை ஆய்வகத்தில் 80, மருத்துவமனையில் 160 மணி நேரம். 20 வாரங்களுக்குள், வாரம் 40 மணி நேரம் என்ற கணக்கில் இவை முடிய வேண்டும். வருகைப் பதிவு 80 சதவீதம் கட்டாயம். மருத்துவமனைப் பயிற்சி நேரத்தைப் பொறுத்தவரை பட்டம் வாங்குவதற்குள் ஒரு மணி நேரம்கூடப் பாக்கி இருக்கக் கூடாது.

கடினமான படிப்புதான். இலகுவாக்குங்கள் என்று ஒருபோதும் கேட்க மாட்டேன். நாளை அவள் கையில் ஓர் உயிர் இருக்கப்போகிறது. என் மகளுக்கோ உங்கள் தாயாருக்கோ அவள் ஊசி போடப்போகிறாள். ஆனால் இந்தத் திட்டத்தில் எழுதியிருக்கும் கடினம் வேறு, அவள் நடைமுறையில் அனுபவிக்கும் கடினம் வேறு. பாடத்திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லாத இரண்டு சுமைகள் அவள் தலையில் ஏறியிருக்கின்றன.

முதலாவது, ரெக்கார்டு எனப்படும் பயிற்சி ஏடுகள்.

கேர் பிளான் (ஒரு நோயாளிக்கு என்னென்ன கவனிப்பு வேண்டும் என்ற திட்டம்), கேஸ் ஸ்டடி, மருந்துக் குறிப்பேடு, செயல்முறைக் குறிப்பேடு, உடற்கூறியல் படங்கள், நலக்கல்விக்கான சார்ட் என ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். தலைப்புக்கு ஒரு நிற மை, உள்ளே வேறு நிற மை. ஓரிடத்தில் அடித்தல் திருத்தம் இருந்தால் முழுப் பக்கத்தையும் மறுபடி எழுத வேண்டும். காலையில் வார்டு, பிற்பகல் வகுப்பு, மாலையில் விடுதியின் படிப்பு நேரம், அது முடிந்த பிறகு ரெக்கார்டு. நள்ளிரவு தாண்டி எழுதிவிட்டு விடியற்காலையில் எழுந்து சீருடையைத் தேய்த்துக்கொண்டு வரும் பிள்ளையின் கண்களை நான் தினமும் பார்க்கிறேன். இரத்த அழுத்தம் பார்க்கும்போது பாதரசம் இறங்குவதைக் கவனிக்க முடியாமல் அந்தக் கண்கள் சொக்குகின்றன.

அந்த ரெக்கார்டு அவளுக்கு எதையாவது கற்றுக்கொடுத்திருந்தால் இந்த மடலுக்கு அவசியமே இருந்திருக்காது. சிறுநீரகம் செயலிழந்த ஒரு பாட்டிக்காக ஒரு மாணவி எழுதிய கேர் பிளானை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். உணவுக் கட்டத்தில் 'புரதம் நிறைந்த உணவு கொடுக்க வேண்டும்: பால், முட்டை, பருப்பு' என்று எழுதியிருந்தாள். அதே பாட்டியின் கேஸ் ஷீட்டில் புரதத்தையும் உப்பையும் குறைக்கும்படி மருத்துவர் எழுதியிருக்கிறார். கேர் பிளான் சீனியர் அக்காவின் நோட்டிலிருந்து வந்தது. அந்த அக்கா பார்த்த நோயாளி வேறு, நோய் வேறு. கடைசிப் பக்கத்தில் ஆசிரியரின் கையெழுத்தும் இருந்தது.

நோட்டை மூடி வைத்துவிட்டு, "பாட்டி நேற்று என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை அவள். "இரண்டு நாளாக ஒரு இட்லிகூட முழுதாக இறங்கவில்லை சிஸ்டர். பல்செட் ஈறில் உறுத்துகிறதாம். கழற்றி வைத்தால் மெல்ல முடியவில்லை. மகளிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்" என்றாள். பசி இல்லை என்று நாங்கள் குறித்து வைத்திருந்த நோயாளி அவர். பல்செட் விஷயம் எங்களில் யாருக்கும் தெரியாது. பாட்டியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம்; ஈறில் புண். அன்றே குழைந்த கஞ்சிக்கு மாற்றினோம்.

நோயாளியைக் கவனித்து, கேட்டு, காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள் அந்தப் பெண். உண்மையான கேர் பிளான் அவள் வாயில் இருந்தது. நோட்டில் அது ஒரு வரிகூட இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, "அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அப்படி எழுதினால் மேடம் ஏற்றுக்கொள்வார்களா என்றும் தெரியவில்லை" என்றாள்.

தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. கேஸ் ஷீட், மருந்துச் சீட்டு, ஆய்வக அறிக்கை எல்லாம் ஆங்கிலம். அவள் அதைக் கற்றே ஆக வேண்டும். அதில் சலுகை கேட்கவில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் அறிவியல் படித்தவளுக்கு 40 மணி நேரத்தில் அந்த மொழி வந்துவிடும் என்று நினைப்பதும், வராதபோது 'கேட்ச் பண்ணத் தெரியாத பிள்ளை' என்று முத்திரை குத்துவதும் அநியாயம். முதலில் அவள் நோயாளியைப் பற்றித் தமிழில் சொல்லட்டும். அதைக் கேட்டு, அவளோடு உட்கார்ந்து நான்கு வரி ஆங்கிலத்தில் எழுத வையுங்கள். பிழையோடு எழுதிய அந்த நான்கு வரி, பிழையில்லாமல் காப்பி அடித்த நாற்பது பக்கங்களைவிட அவளை மேலே கொண்டுபோகும். செமஸ்டருக்கு இரண்டே கேர் பிளான் போதும், அவை அவளுடையவையாக இருந்தால்.

இரண்டாவது சுமை எங்கள் பக்கத்திலிருந்தும் வருகிறது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வார்டில் ஆள் குறைவு. மாணவிகள் வந்த நாளில் இருபது படுக்கைக்கும் விரிப்பு மாற்றி முடித்துவிடலாம், எல்லோருக்கும் வெப்பநிலை பார்த்துவிடலாம், ஆய்வகத்துக்கு மாதிரிகளைக் கொடுத்தனுப்பலாம் என்று மருத்துவமனைகள் கணக்குப் போடுகின்றன. படுக்கை விரிப்பதும் கற்க வேண்டியதே; அசையாத நோயாளியைப் புரட்டி விரிப்பு மாற்றும்போது முதுகுத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கக் கற்பவள் படுக்கைப்புண்ணைத் தடுக்கக் கற்கிறாள். ஆனால் பக்கத்தில் நின்று அந்தச் சிவப்பைக் காட்ட ஒருவர் வேண்டும். பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது குழுமத்தின் விதி. நடப்பது என்ன? காலையில் ஆசிரியர் வருகிறார், வருகைப் பதிவில் கையெழுத்திடுகிறார், கல்லூரியில் வகுப்பு இருக்கிறது அல்லது கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக்குழு வருகிறது என்று கிளம்பிவிடுகிறார். நண்பகலில் பஸ் வரும்வரை பிள்ளைகள் எங்கள் பொறுப்பு. நாங்களோ மருந்து கொடுக்கவும் புதிய நோயாளிகளைச் சேர்க்கவும் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்தில் ஒருவர் நின்றால் எவ்வளவு குறைந்த நேரத்தில் எவ்வளவு பெரிய விஷயத்தைக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்கு இன்சுலினைச் சொல்கிறேன். நம் ஊரில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் புழங்குகிறது: ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு உரியது, ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100க்கு உரியது. முதலாண்டுப் பிள்ளைகள் வந்தால் இரண்டையும் ட்ரேயில் அருகருகே வைத்து, "மருத்துவர் 20 யூனிட் எழுதியிருக்கிறார். குப்பியில் 100 என்று இருக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை எடுத்தால் எவ்வளவு போகும்?" என்று கேட்பேன். "இருபதுதான்" என்று ஒரே குரலில் பதில் வரும். பிறகு கணக்கு. அந்தச் சிரிஞ்சில் 20ஆம் கோடு என்றால் அரை மில்லி. மில்லிக்கு 100 உள்ள மருந்தில் அரை மில்லி என்றால் 50 யூனிட். இருபது போக வேண்டிய உடம்பில் ஐம்பது. விடை வந்ததும் ஒருத்தி மற்றொருத்தியைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு அவர்களில் யாரும் குப்பியின் லேபிளைப் படிக்காமல் சிரிஞ்சை எடுப்பதில்லை. ஐந்து நிமிடம்தான் ஆகிறது. மருந்துக் குறிப்பேட்டில் இன்சுலினைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்த பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

ட்ரிப் கணக்கும் அப்படியே. 500 மில்லி எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 21 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்து அவளே எண்ணிச் சரிசெய்ய வேண்டும். பிளஸ் 2வில் கணக்கை விட்டு உயிரியல் பக்கம் வந்த பிள்ளைகள் நிறைய. பெருக்கல், வகுத்தல், தசமம் இவற்றைச் சங்கடமில்லாமல் போட அவர்களுக்குத் தேவை ஒரு மாதம், தினம் அரை மணி நேரம். எந்த ரெக்கார்டைக் குறைத்தாலும் அந்த நேரம் கிடைக்கும்.

1946இல் வேலூரில் நான்காண்டுச் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது; நாட்டில் முதன்முதலில் தொடங்கியவற்றுள் ஒன்று அது. மருத்துவமனைக்கு உழைத்துக்கொண்டே பார்த்துப் பழகுவதுதான் செவிலியப் பயிற்சி என்றிருந்த நாட்டில், செவிலியரும் பல்கலைக்கழக மாணவர் என்று நிலைநாட்டிய ஏற்பாடு. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து அந்த மாணவியைப் பகலில் கூலியில்லா வேலையாளாகவும் இரவில் நகலெடுப்பவராகவும் ஆக்கிவைத்திருக்கிறோம் என்றால், பட்டப்படிப்பு என்ற பெயர் எதற்கு?

சேர்க்கை நேரத்தில் பெற்றோரிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டு வேலை, சம்பளம், பளபளக்கும் படங்கள் கொண்ட துண்டுப்பிரசுரத்தில் முதல் செமஸ்டர் கால அட்டவணையையும் அச்சிடுங்கள். எத்தனை மணிக்கு எழ வேண்டும், எத்தனை தாள், கைபேசி எப்போது கையில் இருக்கும், ஊருக்கு எப்போது போகலாம் என்று தெரிந்து வருபவள் அழுதாலும் நிற்பாள். குழுமத்தின் அங்கீகாரமும் மாநிலக் கவுன்சிலின் பதிவும் இல்லாத 'ஓராண்டு நர்சிங்' கடைகளிடம் ஏமாறும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும். படிப்பு வேண்டாம் என்று முடிவெடுத்தவளின் அசல் சான்றிதழ்களைப் பூட்டி வைத்துக்கொண்டு மிச்சக் கட்டணத்தைக் கேட்கும் வழக்கம் எங்கிருந்தாலும் அதை உடனே நிறுத்துங்கள்.

உங்கள் நெருக்கடியும் எனக்குத் தெரியும். ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருக்கின்றன, இருப்பவர்களுக்குச் சம்பளம் குறைவு, ஆய்வுக்குழு வந்தால் அடுக்கி வைத்த ரெக்கார்டுகளைத்தான் புரட்டுகிறது. அதனால் இந்த மடலின் படியை, உங்கள் கல்லூரிகள் இணைந்திருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புகிறேன். ஆய்வுக்கு வருபவர்கள் நோட்டுகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்குப் பதில் ஒரு முதலாண்டு மாணவியை வார்டுக்கு அழைத்துப்போய், அவள் பார்த்துக்கொள்ளும் நோயாளியைப் பற்றி அவளுக்கு வரும் மொழியில் பத்து நிமிடம் பேசச் சொல்லட்டும். அந்தக் கல்லூரி கற்றுக்கொடுக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

என்னால் ஆனதையும் சொல்லிவிடுகிறேன். என் வார்டில் காலை 10 மணி மருந்துச் சுற்று முடிந்ததும் ஒரு மணி நேரம் ஓரளவு ஓய்வாக இருக்கும். அந்த நேரத்தில் மாணவிகளுக்கு எந்த வார்டு வேலையும் கொடுக்க மாட்டேன். என் செவிலியர்களிடமும் சொல்லிவிட்டேன். உங்கள் ஆசிரியர் ஒருவர் அந்த ஒரு மணி நேரம் படுக்கையருகே நின்று கற்பிக்க முன்வந்தால், ட்ரேயையும் கேஸ் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு நானும் கூட நிற்கிறேன். எந்தக் கல்லூரி, எந்த நாள் என்று மட்டும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பொது மருத்துவ வார்டின் பொறுப்புச் செவிலியர்